எதிரொலியும் இருளும்: கப்பல்துறையிலிருந்து ஒரு சரித்திர நோக்கு

ஒரு கருவியைப் பற்றியும் ஒரு திரைப்படத்தைப் பற்றியும் இக்கட்டுரையில் ஒருங்கே ஆராய விரும்புகின்றோம். கருவி, கிற்றார் வாசிக்கும் இளைஞரின் காலடியிற் கிடக்கும் சிறியதோர் உலோகப் பெட்டி. வாத்தியத்தின் ஒலியை வாங்கிச் சற்றே தாமதித்துத் திருப்பித் தருவது. இசைக்குழுவினர் அதனை ‘டிலே பெடல்’ என்பர். திரைப்படம், 1954 ஏப்ரல் 13 அன்று வெளிவந்த ‘அந்த நாள்’, ஏவி.எம். நிறுவனம் தயாரிக்க, வீணை எஸ். பாலசந்தர் இயக்கியது. இவ்விரண்டையும் ஏன் ஒரே தட்டில் வைக்கவேண்டும் என்றும், இவற்றுக்கும் எமது திருக்கோணமலைக் கப்பல்துறைக்கும் யாது தொடர்பு என்றும் வாசகர் வினவலாம். வினா நியாயமானதே.

விடை சுருக்கமானது. இரண்டும் இரண்டாம் உலகப் போர் பெற்ற பிள்ளைகள். அப்போர் எமது கப்பல்துறையின் வாசலுக்கு வந்த நாள் 1942 ஏப்ரல் 9. பள்ளிக்கூடத்துச் சரித்திர நூல்களிலே போர் என்பது தளபதிகளின் பெயர்களும் கப்பல்களின் தொகையுமாய்ச் சுருங்கிவிடுகின்றது. இசைக்கருவி இசையாசிரியரிடமும், திரைப்படம் பொழுதுபோக்குப் பக்கத்திடமும் ஒப்படைக்கப்படுகின்றன. இவ்வாறு கூறுபோட்டுக் கற்பிக்கும்போது, மனிதரின் அறிவும் உழைப்பும் ஒரு துறையிலிருந்து மறு துறைக்கு எவ்வாறு பாய்கின்றன என்பது மறைந்துபோகின்றது. அதனிலும் முக்கியமாக, யார் நினைவுகூரப்படுகின்றனர், யார் மறக்கப்படுகின்றனர் என்னும் வினா எழாமலே போய்விடுகின்றது. அவ்வினாவை எழுப்புவதே எமது நோக்கம்.

ஏப்ரல் ஒன்பது

1942 பெப்ரவரி 15 அன்று சிங்கப்பூர் வீழ்ந்தது. கிழக்கிலே பிரித்தானியக் கடற்படைக்கு எஞ்சிய பெருந்தளங்களுள் ஒன்றாகத் திருக்கோணமலை ஆயிற்று. ஆழமும் அகலமும் வாய்ந்த இவ்வியற்கைத் துறைமுகத்தை அந்நியர் முன்னரே நன்கு அறிந்திருந்தனர். 1622 இல் போர்த்துக்கேயர் கோணேசர் கோயிலை இடித்து, அதன் கற்களைக் கொண்டு கோட்டை கட்டினர். பின்னர் ஒல்லாந்தரும் பிரெஞ்சுக்காரரும் பிரித்தானியரும் இத்துறைக்காகப் பொருதனர். இருபதாம் நூற்றாண்டில் நிலக்கரியின் இடத்தை எண்ணெய் பிடித்துக்கொண்டபோது, பிரித்தானியர் சீனன்குடாவை அடுத்த காட்டை வெட்டி நூறளவான பெரும் எண்ணெய்க் குதங்களை நிறுவினர். ஒவ்வொன்றும் பத்தாயிரம் தொன்னுக்கு மேல் கொள்ளத்தக்கது. காட்டை வெட்டியவர் யார், இரும்புத் தகட்டைச் சுமந்தவர் யார் என்பதைப் பின்னர் கவனிப்போம்.

ஏப்ரல் 5 அன்று அட்மிரல் நகுமோவின் விமானந்தாங்கிக் கப்பல்கள் கொழும்பைத் தாக்கின. நான்கு நாட்களின் பின் அதே கப்பல்களிலிருந்து எழுந்த ஏறத்தாழ நூற்றுமுப்பது விமானங்கள் திருக்கோணமலையை நோக்கி விரைந்தன. கொழும்பிலே பாதுகாப்புப் படையினர் பெரிதும் எதிர்பாராத நிலையில் அகப்பட்டனர். திருக்கோணமலையில் நிலைமை வேறாயிருந்தது. கரையிலிருந்த ராடர் நிலையம், காலை ஏழு மணிக்குச் சற்றுப் பின்னர், ஏறத்தாழ 90 மைல் தொலைவிலேயே விமானக் கூட்டத்தைக் கண்டுகொண்டது. சீனன்குடாத் தளத்திலிருந்து ஹரிக்கேன் போர்விமானங்கள் மேலெழப் போதிய அவகாசம் கிடைத்தது.

ராடர் என்பது யாது? வானொலி அலையை அனுப்பிவிட்டு அதன் எதிரொலிக்காகக் காத்திருக்கும் கருவியே அது. 90 மைலுக்கு அப்பாற் சென்று திரும்ப அவ்வலைக்கு ஒரு விநாடியின் ஆயிரத்திலொரு பங்கே போதும். அத்தாமதத்தை அளந்தால் தொலைவு தெரியும். அன்று காலை இந்நகரத்து மக்களிற் பலர் உயிரோடு எஞ்சியமைக்கு, ஓர் எதிரொலியின் தாமதத்தைச் சரியாக அளக்க முடிந்தமையும் ஒரு காரணம். டிலே பெடலின் வரலாற்றை இங்கிருந்தே தொடங்குதல் தகும் என்று நாம் கருதுவது இதனாலேதான்.

எச்சரிக்கை கிடைத்தும் அழிவு நிகழாமல் இல்லை. துறைமுகமும் கடற்படைத் தளமும் விமானத் தளமும் தாக்கப்பட்டன. முந்திய இரவே துறையை விட்டு வெளியேறியிருந்த ஹேர்மிஸ் என்னும் விமானந்தாங்கிக் கப்பல், தன்னிடம் விமானம் ஒன்றேனும் இன்றி, மட்டக்களப்புக்கு அப்பால் கடலில் மூழ்கடிக்கப்பட்டது; முந்நூறுக்கு மேற்பட்டோர் அதனோடு மாண்டனர். 91 ஆம் இலக்க எண்ணெய்க் குதத்தின்மீது யப்பானிய விமானம் ஒன்று வந்து மோதிற்று. அதன் தீ ஏழு நாட்கள் எரிந்ததென்று இந்நகரத்தார் இன்றும் சொல்வர். துறைமுகத்தில் நின்ற சகாயிங் என்னும் வணிகக் கப்பல் தீப்பற்றியது. 1943 இல் அதனை ஓர் அணைதுறையாகப் பயன்படுத்துமாறு ஆழ்த்திவிட்டனர். முக்கால் நூற்றாண்டு நீரடியிற் கிடந்த அக்கப்பலை 2018 மார்ச்சில் இலங்கைக் கடற்படையினர் மேலே எழுப்பினர்.

இத்தாக்குதல்களின் அதிர்ச்சி கடலைத் தாண்டிச் சென்னையையும் எட்டிற்று. அவ்வேப்ரலிலேயே சென்னை மக்கள் இலட்சக்கணக்கில் நகரை விட்டு ஓடினர். அரசாங்க அலுவலகங்கள் உள்ளூர்களுக்கு மாற்றப்பட்டன. குண்டு விழுந்தால் கூண்டுகளை உடைத்து வெளியேறிவிடும் என்று அஞ்சி, விலங்குக்காட்சிச் சாலையின் கொடிய விலங்குகள் சுட்டுக் கொல்லப்பட்டன. சென்னையில் உண்மையாகவே குண்டு விழுந்ததோ 1943 அக்டோபர் 11 இரவில், விழுந்தவையும் சிலவே. அந்த இரவைத்தான் ‘அந்த நாள்’ தன் கதைக்குக் களமாக எடுத்துக்கொண்டது.

எதிரொலி பெட்டிக்குள் அடங்கிய கதை

எதிரொலியை மனிதர் விரும்புவது புதிதன்று. கோணமலைப் பாறையின் உச்சியில் நின்று ஒலித்தால் கீழே கடல் மோதும் ஓசையும் பாறையின் மறுமொழியும் கலந்து வரும். கற்றளிகளின் மண்டபங்களிலே பாடுவோர் தம் குரல் நிறைந்து நிற்பதை உணர்ந்தே பாடினர். ஆனால் மண்டபத்தைத் தூக்கிக்கொண்டு செல்ல முடியாது. ஒலியின் வேகம் விநாடிக்கு ஏறத்தாழ 340 மீற்றர். கால் விநாடிக்கு மேற்பட்ட தாமதத்தோடு எதிரொலி வேண்டுமாயின், ஐம்பது மீற்றர் தொலைவிலே ஒரு சுவர் வேண்டும். அச்சுவரை இல்லாமற் செய்ததே இவ்வறிவியலின் வெற்றி.

இரு வழிகளாக அது நிகழ்ந்தது. முதலாவது வழி ராடரிலிருந்து வந்தது. மலை, கட்டடம் ஆகிய அசையாப் பொருள்களின் எதிரொலியை நீக்கி, அசையும் விமானத்தின் எதிரொலியை மட்டும் காண்பதற்கு, ஒரு துடிப்பைச் சிறிது நேரம் பிடித்துவைத்து அடுத்த துடிப்போடு ஒப்பிடவேண்டியிருந்தது. அதற்காகப் பாதரசம் நிரப்பிய குழாய்களில் ஒலியலையைச் செலுத்தித் தாமதிக்கும் முறை உருவாயிற்று. போர் முடிந்தபின் இதே பாதரசக் குழாய்கள் ஆதிக் கணினிகளுக்கு நினைவகமாயின. 1949 இல் கேம்பிரிட்ஜில் இயங்கத் தொடங்கிய எட்சாக் அவற்றுள் ஒன்று.

இரண்டாவது வழி காந்த நாடா. ஜேர்மனியின் ஏ.ஈ.ஜி. நிறுவனம் 1935 இல் மக்னெற்றபோன் என்னும் ஒலிப்பதிவுக் கருவியைக் காட்சிப்படுத்தியது. ஜேர்மனி தோற்ற 1945 இல், அமெரிக்க இராணுவப் பொறியியலாளர் ஜோன் மல்லின் அக்கருவிகளைக் கண்டெடுத்துத் தம் நாட்டுக்கு அனுப்பினார். நாசி ஆட்சியின் வானொலிக்குப் பணிசெய்த இயந்திரம் சில ஆண்டுகளில் அமெரிக்கப் பாடகரின் குரலைப் பதிந்தது. நாடாக் கருவியில் பதியும் தலை ஒன்று, படிக்கும் தலை ஒன்று. இரண்டுக்கும் இடையே ஐந்து சென்ரிமீற்றர் இடைவெளி இருந்து, நாடா விநாடிக்கு 19 சென்ரிமீற்றர் ஓடுமாயின், பதிந்த ஒலி கால் விநாடி கழித்து மீண்டும் கேட்கும். ஐம்பது மீற்றருக்கு அப்பாலுள்ள சுவர் ஐந்து சென்ரிமீற்றருக்குள் ஒடுங்கிவிட்டது! ‘அந்த நாள்’ வெளிவந்த அதே 1954 இல் மெம்பிஸ் நகரத்துச் சிறு ஒலிப்பதிவுக் கூடத்தில் சாம் பிலிப்ஸ் இவ்வெதிரொலியை எல்விஸ் பிரெஸ்லியின் குரலோடு சேர்த்தார். 1958 இல் இலண்டனில் வற்கின்ஸ் நிறுவனத்தின் கொப்பிகற் என்னும் நாடா எதிரொலிப் பெட்டி விற்பனைக்கு வந்தது. சாதாரண இசைக்குழுவும் வாங்கத்தக்க விலையில் எதிரொலி கிடைக்கலாயிற்று.

இக்கதையின் அடுத்த பெயர் ஒரு யப்பானியருடையது. அவருடைய வாழ்க்கை கவனத்துக்குரியது. 1930 இல் பிறந்த இக்குதரோ கக்கேஹஷி, இரண்டு வயதிலே தாய் தந்தையரைக் காசநோய்க்கு இழந்தவர். போர்க்காலத்தில் சிறுவனாயிருந்தபோதே ஒசாக்காவின் கப்பல் கட்டும் தளத்தில் உடலுழைப்பாளியாக வேலை செய்தார். சிறு நீர்மூழ்கிகள் கட்டப்பட்ட இடம் அது. 1945 இல் அமெரிக்கக் குண்டுகள் அவருடைய வீட்டை அழித்தன. போரின் பின் கடிகாரமும் வானொலியும் திருத்திப் பிழைத்தார். காசநோய் அவரையும் பற்றியது. அப்போது பரிசோதனை நிலையிலிருந்த ஸ்றெப்ரொமைசின் மருந்து கிடைத்ததாற் பிழைத்தார். 1972 இல் அவர் நிறுவிய ரோலண்ட் நிறுவனம் 1974 இல் ‘ஸ்பேஸ் எக்கோ’ என்னும் நாடா எதிரொலிக் கருவியை வெளியிட்டது. 1969 இல் பிலிப்ஸ் ஆய்வுகூடத்தில் சாங்ஸ்ரர், ரேயர் ஆகிய இருவர் கண்ட மின்சுற்று, தீயணைப்போர் வாளியைக் கைக்குக் கை மாற்றுவதுபோல மின்னூட்டத்தைப் படிப்படியாகக் கடத்தித் தாமதித்தது. நாடாவே தேவையற்றுப் போயிற்று. 1983 இல் ரோலண்டின் பொஸ் பிரிவு வெளியிட்ட டிடி-2 என்னும் பெடல், ஒலியை எண்களாக மாற்றி, 800 மில்லி விநாடி வரை வைத்திருந்து திருப்பித் தந்தது. காலால் மிதித்து இயக்கும் சிறு பெட்டிக்குள் எண்முறைத் தாமதம் அடங்கிய முதற் கருவி அதுவே.

இனி அதன் பயனை மதிப்பிடுவோம். முகப்பில் நான்கு குமிழ்களே உண்டு. எதிரொலி எவ்வளவு உரக்கக் கேட்கவேண்டும், எத்தனை முறை திரும்பவேண்டும், எவ்வளவு நேரங் கழித்து வரவேண்டும் என்பவற்றை மூன்று தீர்மானிக்கின்றன. நான்காவது தாமதத்தின் எல்லையைத் தெரிவு செய்வது. ஏழைக் கலைஞன் ஒருவன் விளக்கப் புத்தகம் இன்றியே பத்து நிமிடத்தில் இதனைப் பழகிவிடலாம் என்பது பெருஞ்சிறப்பு. தாளத்தோடு தாமதத்தைப் பொருத்திக்கொண்டால் ஒரு கிற்றார் இரண்டாக ஒலிக்கும். தனியாள் வாசிப்புக்குத் துணை கிடைக்கும். குறையும் உண்டு. எமது இசையின் உயிரான கமகத்துக்கு இக்கருவி எளிதில் இணங்காது. சுரம் இழைந்து மேலேறும் வேளையில், விட்டுவந்த சுரம் பின்னால் நின்று ஒலிப்பதால் இரண்டும் மோதிக்கொள்ளும். ஆதலின் இழைத்து வாசிப்போர் எதிரொலியை மெலிதாகவும் குறுகியதாகவும் வைத்தல் வேண்டும். மற்றொன்று, வெறுமையையும் இக்கருவி நிறைவுபோலக் காட்டும். சொல்ல ஒன்றுமில்லாதவன் அதனை நான்கு முறை சொன்னால் அது கருத்தாகிவிடாது. இசைக்கு மட்டுமன்றி மேடைப் பேச்சுக்கும் இவ்வுண்மை பொருந்தும்.

கிற்றார் கப்பல்துறைக்கு அந்நியம் என்று எண்ணுவோர் உளர். திருக்கோணமலையிலும் மட்டக்களப்பிலும் வாழும் போர்த்துக்கேயப் பறங்கியர் தம் கலப்பு மொழியோடு நரம்பு வாத்திய மரபையும் ஆடல் பாடல்களையும் தலைமுறைகளாய்க் காத்து வந்தனர். கோயிலை இடித்த படையோடு வந்த வாத்தியம், பிற்காலத்தில் இங்குள்ள உழைக்கும் மக்களின் கலியாண வீட்டு வாத்தியமாயிற்று. 1970 களில் இந்நகரத்துப் பரமேஸ், கோணேஸ் சகோதரர்கள் தமிழ் மெல்லிசைக்குத் தனிக்குழு அமைத்து இசைத்தட்டும் வெளியிட்டனர். கருவி எங்கிருந்து வந்தது என்பதைவிட, யார் கையில் எதற்குப் பயன்பட்டது என்பதே சரித்திரத்துக்கு முக்கியம்.

இருட்படங்களும் ‘அந்த நாளும்’

போர் முடிந்த 1946 இல் பிரெஞ்சுத் திறனாய்வாளர் நினோ பிராங், அமெரிக்காவிலிருந்து வந்து குவிந்த ஒருவகைக் குற்றப் படங்களுக்குப் ‘பிலிம் நுவார்’ என்று பெயரிட்டார். இருட்படம் என்று நாம் தமிழ்ப்படுத்தலாம். நிழலும் இருளும் நிறைந்த ஒளியமைப்பு, பின்னோக்கிச் செல்லும் கதை, முற்றாக நல்லவர் எவரும் இல்லாத உலகம் என்பன அவற்றின் இலக்கணம். இவ்வகையின் சிகரங்களுள் ஒன்றான ‘த தேட் மேன்’ 1949 இல் வெளிவந்தது. கிரஹாம் கிரீன் எழுத, கரோல் ரீட் இயக்கியது. நான்கு வல்லரசுகள் கூறுபோட்டுக்கொண்ட வியன்னா நகரில், பெனிசிலின் மருந்தைக் கலப்படஞ் செய்து விற்றுக் குழந்தைகளைக் கொல்லும் ஒருவனின் கதை அது. இறுதியில் அவன் நிலக்கீழ்க் கழிவுநீர்ச் சுரங்கங்களில் ஓடும்போது, துரத்துவோரின் குரல்கள் எல்லாத் திசைகளிலிருந்தும் எதிரொலிக்கின்றன. எத்திசையில் மனிதர், எத்திசையில் எதிரொலி என்று அவனுக்குத் தெரியவில்லை. மருந்து ஒரு யப்பானிய இளைஞனை வாழவைத்த அதே காலத்தில், மருந்தை வணிகமாக்கிய சமூகம் என்ன செய்யும் என்பதைப் படம் காட்டிற்று.

தமிழில் இவ்வகைக்கு ஈடுசொல்லத்தக்க படம் ‘அந்த நாள்’. பாட்டு இல்லை, நடனம் இல்லை, சண்டை இல்லை. பாட்டின்றித் தமிழ்ப்படம் இல்லை என்றிருந்த காலத்தில் அதனைச் செய்தவர் ஒரு சங்கீத வித்துவான் என்பது வியப்புக்குரியது. 1927 இல் பிறந்த பாலசந்தர், குருவின்றித் தாமே பயின்று வீணையில் பெரும் புகழ் ஈட்டியவர்; ஒரே மெட்டில் தந்தியை இழுத்து, ஒரு மீட்டலில் பல சுரங்களைப் பேசவைத்தவர். மீட்டியபின் ஒலி எவ்வளவு நேரம் உயிரோடிருக்கும் என்பதை நுட்பமாய் அறிந்த ஒருவருக்கு, மௌனத்தின் மதிப்பும் தெரிந்திருந்தது. ஜாவர் சீதாராமனின் திரைக்கதையும் மாருதி ராவின் ஒளிப்பதிவும் அம்மௌனத்துக்குத் துணைசெய்தன.

படம் தொடங்கியவுடனே கதாநாயகன் சுடப்பட்டு இறக்கின்றான். சிவாஜி கணேசன் நடித்த ராஜன் என்னும் வானொலிப் பொறியியலாளனே அவன். துப்பறியும் அதிகாரி, அயலவர், தம்பி, தம்பி மனைவி, ஆசைநாயகி, மனைவி உஷா ஆகியோரை ஒவ்வொருவராய் விசாரிக்கின்றார். ஒவ்வொருவரின் கூற்றிலும் வேறொரு ராஜனும் வேறொரு குற்றவாளியும் தோன்றுகின்றனர். இறுதியில், அவன் யப்பானியருக்கு இரகசியம் அனுப்பிய ஒற்றன் என்பதும், பண்டரிபாய் நடித்த உஷாவின் கையிலிருந்த துப்பாக்கியே அவனை வீழ்த்தியது என்பதும் வெளியாகின்றன.

ஒரு நிகழ்ச்சியைப் பலர் பலவாறு கூறும் அமைப்பு, 1950 இல் அக்கிர குரோசாவா உருவாக்கிய ‘ரஷோமன்’ படத்தால் உலகறிந்தது. அதனைக் கண்டு பாலசந்தர் தூண்டப்பட்டார். யப்பானைப் பகையாகக் காட்டும் தமிழ்ப்படம் ஒன்று தன் உருவத்தை யப்பானியக் கலைஞனிடமிருந்தே பெற்றுக்கொண்டது! ஆட்சியாளர் வேறு, மக்கள் வேறு, கலை எல்லார்க்கும் உரியது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

ராஜன் ஏன் துரோகியானான் என்பதற்குப் படம் தரும் காரணமே அதன் உயர்ந்த பகுதி. ஏழைகளும் வாங்கத்தக்க மலிவான வானொலி ஒன்றை அவன் ஆக்குகின்றான். அரசாங்கம் ஆதரவு தர மறுக்கின்றது. தன் நாடு தன்னை மதிக்கவில்லை என்னும் கசப்பு அவனை யப்பானிடம் கொண்டு சேர்க்கின்றது. இங்கே கக்கேஹஷியின் வாழ்க்கையை மீண்டும் நினைத்துப் பாருங்கள். வானொலி திருத்திய ஓர் ஏழை இளைஞன் போரின் அழிவிலிருந்து எழுந்து உலகம் முழுவதற்கும் எதிரொலி செய்து கொடுத்தான். அடிமை நாட்டுக் கதையில் வரும் வானொலி வல்லுநனோ தன் வீட்டிலே பிணமாகக் கிடந்தான். ஒருவர் உண்மை மனிதர், மற்றவர் கற்பனைப் பாத்திரம்; ஒப்பீட்டை அளவுக்கு மீறி நீட்டக்கூடாது. எனினும், திறமை என்னும் விதை எந்நிலத்தில் விழுகின்றது என்பதைச் சமூகமே தீர்மானிக்கின்றது என்னும் உண்மை இரண்டிலும் ஒன்றே.

மூன்றாவது வழி

படத்தைப் பாராட்டும் நாம் அதன் குறையையும் கூறக் கடமைப்பட்டுள்ளோம். உஷா நாட்டுப்பற்றின் வடிவம். ராஜன் நாட்டுத் துரோகத்தின் வடிவம். ஆனால் 1943 இல் அந்நாடு யாருடையது? ஆண்டவர் பிரித்தானியர். அவ்வாண்டிலேதான் வங்காளத்தில் இலட்சக்கணக்கானோர் பஞ்சத்தால் மடிந்தனர். ‘வெள்ளையனே வெளியேறு’ என்று முழங்கிய தலைவர்கள் சிறையிலிருந்தனர். அத்தகைய அரசின் பாதுகாப்பையும் நாட்டின் பாதுகாப்பையும் படம் ஒன்றாக்கிவிடுகின்றது. யப்பானை நம்பியோரும் ஏமாந்தனர் என்பது உண்மையே. ஆசியா ஆசியருக்கே என்று முழங்கிய அதே படைகள், மலாயாத் தோட்டங்களிலிருந்து தமிழ்த் தொழிலாளரை ஆயிரமாயிரமாய்க் கொண்டுசென்று சயாம் – பர்மா இரயில் பாதையில் பலியிட்டன. ஆயினும் இவ்விரு முகாம்களைத் தவிர வேறு வழியே இல்லாததுபோலப் படம் பேசுகின்றது.

வேறு வழி இருந்தது. அதற்கு இலங்கையே சான்று. போரை ஏகாதிபத்தியப் போர் என்று எதிர்த்தமைக்காகப் பிலிப் குணவர்த்தனா, என். எம். பெரேரா, கொல்வின் ஆர். டி சில்வா, எட்மண்ட் சமரக்கொடி ஆகிய சமசமாஜத் தலைவர்கள் சிறையில் அடைக்கப்பட்டிருந்தனர். யப்பானிய விமானங்கள் இத்தீவைத் தாக்கிய அதே 1942 ஏப்ரலில், காவலர் ஒருவரின் துணையோடு அவர்கள் கண்டிச் சிறையிலிருந்து தப்பினர். பின்னர் அவர்களுட் பலர் இந்தியாவுக்குச் சென்று அந்நாட்டு விடுதலைப் போராட்டத்தில் கலந்தனர். அவர்கள் பிரித்தானியருக்கும் பணியவில்லை, யப்பானையும் அழைக்கவில்லை. அவர்களுடைய பிற்கால அரசியலில் நாம் கடுமையாகக் கண்டிக்கவேண்டியவை பல உண்டு. அன்று அவர்கள் நின்ற நிலை அதனால் மறைந்துவிடாது. ராஜனுக்கும் உஷாவுக்கும் இடையே மூன்றாவதாக ஒரு சாட்சி அத்திரையில் தோன்றியிருந்தால், ‘அந்த நாள்’ இன்னும் பெரிய படமாகியிருக்கும்.

சாட்சியம் யாருடையது?

‘ரஷோமன்’ படத்துக்கும் ‘அந்த நாள்’ படத்துக்கும் ஒரு பெரும் வேறுபாடு உண்டு. முன்னதில் உண்மை எது என்பது இறுதிவரை முழுதாய்த் தெளிவதில்லை. பின்னதில் உண்மை கண்டுபிடிக்கப்படுகின்றது. மேனாட்டு ரசிகர் முன்னதை ஆழமானதென்றும் பின்னதை எளிமையானதென்றும் சொல்லக்கூடும். நாம் அவ்வாறு கருதவில்லை. ஆளுக்கொரு உண்மை என்பது கலையில் அழகாயிருக்கலாம். வாழ்க்கையில் அது பெரும்பாலும் வலியவனுக்கே வசதி. அடிபட்டவனுக்கு உண்மை ஒன்றுதான். அது வெளிவந்தாக வேண்டும். பல சாட்சிகளையும் பொறுமையாய்க் கேட்டு, முரணை முரணோடு மோதவைத்து, உண்மையைப் பிரித்தெடுக்க முடியும் என்னும் நம்பிக்கையே நீதிக்கும் சரித்திரத்துக்கும் அடிப்படை.

எமது நகரில் அந்நம்பிக்கை எளிதில் வாய்ப்பதில்லை. 2006 ஜனவரி 2 அன்று திருக்கோணமலைக் கடற்கரையில் ஐந்து தமிழ் மாணவர்கள் சுட்டுக் கொல்லப்பட்டனர். 2019 இல், குற்றஞ்சாட்டப்பட்ட பதின்மூன்று பேரும் சான்று போதாதென்று விடுவிக்கப்பட்டனர். திரைப்படத்தில் அதிகாரி கதவைத் தட்டியதும் சாட்சிகள் பேசுகின்றனர். சாட்சி அஞ்சி நாடு விட்டு ஓடவேண்டிய சமூகத்தில் எந்தத் துப்பறிவாளனும் உண்மையைத் தன் சாமர்த்தியத்தால் வருவிக்க இயலாது. மாணவரைக் கற்பிக்கும் தொழிலிலிருக்கும் நாம் இதனை ஒரு செய்தியாக மட்டும் கடந்துபோக முடியாது.

1942 ஐப் பற்றிய சாட்சியமும் இவ்வாறே ஒருபக்கமாயுள்ளது. தளபதிகள் நினைவுக் குறிப்புகள் எழுதினர். விமானிகளின் பெயர்களும், வீழ்ந்த விமானங்களின் கணக்கும் ஏடுகளில் உள்ளன. நிலாவெளி வீதியிலுள்ள போர்க் கல்லறையில் படையினரின் பெயர்கள் ஒழுங்காய்ப் பொறிக்கப்பட்டுள்ளன. அது வேண்டியதே, அவர்களும் ஏழைத் தாய்மாரின் பிள்ளைகளே. ஆனால் எண்ணெய்க் குதங்களை எழுப்பிய கூலிகள், கடற்படைத் தளத்தில் மூட்டை சுமந்தோர், அன்று காலை வேலைக்கு வந்து வீடு திரும்பாதோர் ஆகியோரின் பெயர் தாங்கிய கல் ஒன்றையேனும் நாம் கண்டதில்லை. உழைப்பைக் கொடுத்தோர் பலர் கடல் கடந்து வந்தவர்கள். 1948 ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் இந்திய வம்சாவளித் தொழிலாளரிற் பெரும்பாலோரை நாடற்றவராக்கிற்று. நாட்டிலேயே இடமில்லாதவனுக்கு நாட்டின் சரித்திரத்தில் இடம் எங்கே கிடைக்கும்?

1957 அக்டோபரில் பிரித்தானியர் கடற்படைத் தளத்தைக் கையளித்துச் சென்றனர். கொடி இறங்கிய காட்சியை வரலாறு பதிந்தது. தளத்தை நம்பி வாழ்ந்த குடும்பங்களின் அடுப்பு என்னவாயிற்று என்பதைப் பதியவில்லை. 2022 ஜனவரியில் எண்ணெய்க் குதங்களைப் பற்றி இலங்கை, இந்திய நிறுவனங்களுக்கிடையே புதிய உடன்பாடு செய்யப்பட்டது. 61 குதங்கள் கூட்டு நிறுவனத்துக்கும், 24 இலங்கைப் பெற்றோலியக் கூட்டுத்தாபனத்துக்கும், 14 இந்திய நிறுவனத்துக்கும் எனப் பிரிக்கப்பட்டன. குதங்களுக்கு இலக்கம் உண்டு, பங்கு உண்டு, விலையும் உண்டு. அவற்றைக் கட்டியவர்களுக்குப் பெயர்தானும் இல்லை.

டிலே பெடலின் முகப்பிலுள்ள குமிழ்கள் இவ்விடத்தில் எமக்கு நினைவுக்கு வருகின்றன. எதை உரக்கச் சொல்வது, எத்தனை முறை திருப்பிச் சொல்வது, எவ்வளவு காலங் கழித்துச் சொல்ல அனுமதிப்பது என்பவற்றை ஒவ்வொரு சமூகத்திலும் யாரோ தீர்மானிக்கின்றனர். ஹேர்மிஸ் கப்பலின் கதை உரக்கவும் பலமுறையும் கேட்கின்றது. கூலியாளின் கதை ஒருமுறை மெல்ல ஒலித்து அடங்கிவிடுகின்றது. கருவி குற்றமற்றது, குமிழைப் பிடித்திருக்கும் கை எதுவென்பதே வினா.

அக்கையை மாற்றும் வேலை பெரும்பாலும் ஆசிரியரையும் மாணவரையும் சார்ந்தது. 1942 ஐக் கண்ணாற் கண்டோர் இன்று மிகச் சிலரே இருத்தல் கூடும். அவர்களிடமிருந்து கேட்டறிந்த பிள்ளைகளும் பேரர்களும் சீனன்குடாவிலும் தம்பலகாமத்திலும் மூதூரிலும் கிண்ணியாவிலும் இன்னும் வாழ்கின்றனர். தமிழர், முஸ்லிம்கள், சிங்களவர், பறங்கியர் என எல்லார் வீட்டிலும் அந்நாளின் ஒரு துண்டு உண்டு. கிற்றாரின் ஒலியைப் பதிவு செய்யும் இளைஞன் தன் பாட்டியின் பேச்சையும் அதே கருவியிற் பதிவு செய்யலாம். ஒரு வகுப்பு ஒரு தவணையில் பத்து வீடுகளுக்குச் சென்று, பெயரும் ஊரும் தொழிலும் குறித்து, ஒருவர் சொன்னதை மற்றவர் சொன்னதோடு ஒப்பிட்டு எழுதி வைக்குமாயின், சரித்திர பாடம் அன்றுதான் தொடங்கியதாகும். ‘அந்த நாள்’ படத்தின் அதிகாரி ஒரு கொலைக்காக அத்தனை பேரையும் பொறுமையோடு கேட்டார். நாம் ஒரு நகரத்துக்காகக் கேட்கவேண்டியிருக்கின்றது.

நீரடியிற் கிடந்த சகாயிங் கப்பலை மேலே கொண்டுவர இரும்பும் கயிறும் சுழியோடிகளின் உழைப்பும் வேண்டியிருந்தன. மனிதரின் பெயர்களை மேலே கொண்டுவர ஒரு கொப்பியும் பேனாவும் கேட்கும் பொறுமையும் போதும். அவற்றைக் கொண்டு இவ்வேலையை இந்தத் தவணையிலேயே தொடங்குமாறு எம்மையொத்த ஆசிரியர்களையும், அவர்களினும் கூரிய செவியுடைய மாணவரையும் வேண்டிக்கொள்கின்றோம்.